பறை காய்ச்சிய மூலை

பறையை நெருப்புக்கு மேலே சாய்த்துப் பிடித்து, மெல்லச் சுழற்றி, நடுவிரல் மூட்டால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காது கொடுப்பார் அந்த அக்கா. "இன்னும் தூங்கிக்கினு கீது" என்பார். மறுபடி சுழற்றுவார். தோல் சூடேறி இறுகி, தட்டியதும் ஓசை கணீரென்று எழுந்தால், "முயிச்சிக்கிச்சி" என்று சொல்லி அடுத்த பறையை வாங்கிக்கொள்வார். மயிலாப்பூரில் ஒரு சிறிய கலை மன்றத்தின் பின்பக்கம், சிற்றுண்டிக்கூடத்து விறகு அடுப்பருகே, ஞாயிறு மாலைகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டுதான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சொந்தப் பணத்தில் மாற முடியாத சிறிய அரங்குகள் விறகையும் டீசலையும் விட்டு, மின் அடுப்புக்கும் சூரிய மின்சாரத்துக்கும் வர நிதி வாங்கித் தரும் ஓர் அறக்கட்டளையில் எனக்கு வேலை. அந்த மன்றத்துக்கான படிவங்களை நான்தான் நிரப்பினேன். செயலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடைப்பார். வீட்டில் விட ஆளில்லாததால் மூன்று வயது மகளையும் தூக்கிக்கொண்டு போவேன். அவளுக்கு இழுப்பு உண்டு. அடுப்புப் புகை வந்தாலே அவள் மார்பில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அல்லது கேட்பதாக எனக்குத் தோன்றும்.

அக்காவின் குழுவில் எட்டுப் பெண்கள். எல்லோரும் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். அங்கே பறையை எடுத்தால் மேல்வீடும் கீழ்வீடும் சண்டைக்கு வரும். மந்தைவெளியில் வீட்டுவேலை முடித்து, பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் சேர்ந்து அடிப்பதற்கு இருந்த ஒரே இடம் இந்த மன்றம்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வளாகத்தில் திறந்த நெருப்பு இனிப் பயன்படுத்தப்படுமா? ஆம் என்றால் காரணம் எழுதக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். பேனாவை அந்த வெற்றிடத்தின் மேல் வைத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மடியில் மகள் இருமினாள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டேன். பறையை எப்படியாவது காய்ச்சிக்கொள்வார்கள் என்று நினைத்தேனா, புகை ஒழிந்தால் போதும் என்று நினைத்தேனா என்று பின்னால் எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மட்டும் மாறுவதில்லை.

நிதி வந்தது. அடுப்பை இடித்து, கரிபிடித்த சுவருக்கு வெள்ளையடித்தார்கள். மொட்டைமாடி முழுக்கச் சூரியத் தகடுகள். தொடக்க விழாவில் வரவேற்புக்கு அக்காவின் குழுவையே அழைத்திருந்தார்கள். அன்று காலையிலிருந்து தூறல். காய்ச்ச நெருப்பில்லாமல் அவர்கள் அடித்த அடி, ஈரத்துணியைத் துவைக்கிற மாதிரி தொப்தொப்பென்று விழுந்தது. பிறகு மேடையில் குத்துவிளக்கேற்றினோம். ஐந்து முகங்களில் ஒன்றை ஏற்றியது நான்.

இறங்கி வந்ததும் அக்கா என்னிடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "இன்னாம்மா, மேல ஏத்துனியே, அது நெருப்பு இல்லியா?"

பக்கத்தில் நின்ற செயலாளர் சிரித்தார். "அது விளக்கும்மா. அதையும் இதையும் ஒண்ணாப் பேசலாமா? பேசாம பிளாஸ்டிக் தோல் போட்ட பறை வாங்கிடுங்கோ. காய்ச்சவே வேண்டாம்."

"அதுக்கு எங்கூட்டு பக்கெட்டே போதும் சார்" என்றார் அக்கா. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகவும் இப்போது கூசுகிறது.

அடுத்த இரண்டு ஞாயிறுகள் தெருவோரத்தில் பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சினார்கள். எதிர் ஃபிளாட்டிலிருந்து புகார் வந்தது. மூன்றாம் ஞாயிறு யாரும் வரவில்லை. நிதி கொடுத்தவர்களிடம் பிறகு மெல்ல விசாரித்தேன். அந்த இரண்டு வரியில் எழுதியிருந்தால் வாரம் ஒருநாள் சின்ன நெருப்புக்கு அனுமதி கொடுத்திருப்போமே என்றார்கள். திருத்தம் கேட்டு எழுதியிருக்கலாம். எழுதினால் நான் பொய்க்குறி இட்டது தெரிந்துவிடும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

போன மாதம் மகளோடு போனபோது திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். தோளில் துணி உறைக்குள் பறை. நான் ஒளிய இடம் தேடுவதற்குள் அவரே வந்து மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"இயுப்பு இப்போ எப்டி கீது கொயந்தைக்கு?"

அவருக்கு அது தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

"பரவால்லக்கா. குறைஞ்சிருக்கு."

"பொகை போச்சில்ல, அதான்" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது எங்கே பயிற்சி என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, மூன்று பேர் வரவே முடியாது என்று நின்றுவிட்டார்கள், மிச்சப் பேர் கல்யாணம் கில்யாணம் என்றால் நேராகப் போய் அடிக்கிறோம் என்றார்.

மகள் உறையின் மேல் விரல் மூட்டால் தட்டினாள். பெரியவர்களைப் பார்த்துப் பழகிய தட்டு. இரண்டு வருடமாக எங்கே வைத்திருந்தாளோ.

"தூங்குது பாப்பா" என்றார் அக்கா.

"எப்ப முழிக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. ஏறிக்கொண்டார்.

திருத்தக் கடிதத்தை நேற்று எழுதி முடித்தேன். குறியிட்டது நான், தெரிந்தே இட்டேன் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. பக்கத்து அறையில் மகள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.