இருமல் மருந்துப் போத்தலில் பெற்றோல்

அத்தானின் மேசையில் இருமல் மருந்துப் போத்தல் ஒன்று எப்போதும் நிற்கும். உள்ளே இருந்தது பெற்றோல். போர்த் தடையால் எங்கள் வேலணைத் தீவுக்குள் பெற்றோல் வருவதே நின்றுபோன காலம் அது. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகியிருந்தார்கள். ஆனாலும் இயந்திரம் உயிர் பிடிக்க, காபரேட்டருக்குள் முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டே ஆகவேண்டும். அந்தப் போத்தலை யாரும் தொடக்கூடாது என்பது அத்தானின் கட்டளை. தொட்டவர் அவர் ஒருவர்தான்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வேலையையும் வீட்டையும் விட்டு, ஒரு பையோடு வேலணைக்கு வந்து சேர்ந்தவர் அவர். அடுத்த வருடம் அக்காவின் முதல் பிள்ளை, வாகனம் கிடைக்காமல் வீட்டிலேயே பிறந்து, அழாமலே போனது. "இனி ஒரு வாகனத்துக்காக ஆரையும் கெஞ்சமாட்டன்" என்றார் அத்தான். சில வருடம் கழித்து அக்கா மறுபடி கர்ப்பமானதும், தன் தகப்பன் விட்டுப்போன பழைய ஓஸ்ரின் காரைக் கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே இழுத்தார். பன்னிரண்டு வருடம் கிடந்த கார். உப்புக்காற்று அடிப்பக்கத்தைத் தின்றிருந்தது. பின் ஆசனத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை அத்தான் முன்பக்கத்தில் மட்டும் வேலை செய்தார்! ஆறு மாதம் கிறீஸும் கையுமாகத் திரிந்தார். சோறு ஆறும், அக்கா கூப்பிடுவாள், "இந்தா வாறன்" என்பார், வரமாட்டார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், கார் வேலை செய்தது. கரிப் புகை கக்கிக்கொண்டு அது உறுமிய அன்று நானும் கை தட்டினேன். வினையும் அன்றுதான் தொடங்கியது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் புதிதாக ஏதாவது நடந்தால் ஊரே வந்து பார்க்கும். பார்க்க வராவிட்டால் குறை, வந்தவருக்குக் காட்டாவிட்டால் அதைவிடக் குறை. மண்கும்பானிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். "ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் காட்டும் பாப்பம்" என்று யாராவது சொன்னால் போதும், அத்தான் போத்தலை எடுத்துவிடுவார். வந்தவருக்குத் தேத்தண்ணீர், காருக்குப் பெற்றோல். நான் கத்தினேன். "நீர் சும்மா இரும், இன்னும் கிடக்கு" என்றார்.

குறித்த நாளுக்குப் பதினைந்து நாள் முந்தியே, ஒரு காலையில் அக்காவுக்கு வலி கண்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை. முதல் நாள் பின்னேரம் கரம்பொன் வாத்தியாருக்குக் காட்டியதோடு சரி. அக்காவைக் காருக்குள் இருத்தி ஒழுங்கை முழுக்கத் தள்ளினோம். கார் இருமியது, அவ்வளவுதான். அடுத்த வளவில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டு நின்றது. அதைக் கேட்போம் என்றேன். "இப்ப பிடிச்சிடும், இன்னும் ஒருக்காத் தள்ளுங்கோ" என்றார் அத்தான்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள்.

"உங்கடை கார் உங்களோடையே இருக்கட்டும்" என்று, வயிற்றைப் பிடித்தபடி, அந்த வளவுக்குள் நடந்தே போனாள். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளை ஏற்றினோம். "நீங்கள் போங்கோ, நான் காரைக் கொண்டு பின்னாலை வாறன்" என்றார் அத்தான்.

சத்திர சிகிச்சை செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டொக்டர். பின்னேரம் அத்தான் வியர்த்து விறுவிறுக்கச் சைக்கிளில் வந்திறங்கினார். முதல் வார்த்தை, "கார் ஸ்ராட் வந்திட்டுது." பிறகு பிள்ளையைப் பார்த்தார். சுவரோடு சாய்ந்து நின்று குலுங்கி அழுதார். அந்த அழுகைக்காக அன்று அவரை மன்னித்தேன்.

அன்றைக்கு மட்டும்தான். பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது, கனடாவில் அத்தானை எங்கும் காரில் கொண்டுதிரிகிறவள் அவள்தான். அவள் பிறந்தநாளுக்கு நாங்கள் கூடும்போதெல்லாம் அவர் சொல்வார்: "நீ பிறந்த அண்டைக்குக் கார் எப்பிடியும் வெளிக்கிட்டிருக்கும், பிள்ளை. கொம்மாவுக்குத்தான் பொறுமை இல்லை."

அக்கா சிரிக்கிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை.