இரண்டு டப்பாவைக் கலந்தவர்

ஷூ கம்பெனியில் அவரை எல்லோரும் ஜோடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மிஷினிலிருந்து வந்து குவியும் ஷூக்களில் இடதையும் வலதையும் ஜோடி சேர்த்து டப்பாவில் போடுவது அவர் வேலை. நிறம் துளி மாறினாலும் விடமாட்டார். "பொருந்தாததைச் சேத்து வைக்கிறது பாவம்யா" என்பார்.

பேத்தி பிறந்த கையோடு முதலாளி அவரைக் கம்பெனியின் கடைக்கு மாற்றினார். ஏசி, நாற்காலி, கூடுதல் சம்பளம். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "குழந்தை வந்த நேரம்பா! இனிமே நாள் பூரா நிக்க வேணாம். ராஜா மாதிரி உக்காருங்க."

உட்கார்ந்தார். முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் விற்பனைப் பெண் பம்பரமாய்ச் சுழன்றாள். வந்தவர்கள் சிரித்தபடி போனால் அவளுக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி. அவரோ முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். "இது கடிக்கும், வேணாம்" என்பார்.

"தாத்தா, நீங்க நம்ம கடையா, எதிர்க்கடையா?" என்று சிரிப்பாள் அவள்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். இடது கால் கொஞ்சம் பெரிது. எந்த ஜோடியைப் போட்டாலும் ஒன்று இறுக்கியது, இல்லாவிட்டால் மற்றது கழன்றது. ஜோடிக்காரர் சட்டென்று இரண்டு டப்பாவைத் திறந்தார். பெரிய அளவில் இடது, சின்ன அளவில் வலது எடுத்து மாட்டிவிட்டார். டிரைவர் துள்ளிக்கொண்டு போனார். கடையில் மிஞ்சிய இரண்டும் ஒன்றுக்கொன்று சேராத ஒற்றைகள்.

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். முதலாளியே நேரில் வந்துவிட்டார். "என்னய்யா இது கூத்து? இனி செய்யமாட்டேன்னு சொல்லு, விட்டுடறேன்."

"சொல்லமாட்டேன் முதலாளி. நாளைக்கும் அதைத்தான் செய்வேன். கடை மேல குறையில்ல, இந்தப் பொண்ணுக்கு இது சொர்க்கம். எனக்குத்தான் ஒட்டல. கம்பெனியில ஜோடி சேர்க்கற என் பழைய மேசையையே குடுங்க."

"அங்க வேற ஆள் போட்டாச்சு. மெயின் கேட்டுப் பக்கம் ஒரு மேசை இருக்கு. ஒரே தூசி. சம்பளமும் பழையதுதான்."

"தூசியைத் துடைச்சுக்கறேன்."

வீட்டில் மகள் பொரிந்து தள்ளினாள். "வலிய வந்த சீதேவியை யாராவது எட்டி உதைப்பாங்களா?"

"உதைக்கலடி. அவ இருக்கவேண்டிய வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார், பேத்தியைத் தோளில் தட்டிக்கொண்டே.

கேட்டுப் பக்கத்து மேசைக்கு வந்த அன்று மத்தியானத்துக்குள்ளேயே அடுத்த மேசைக்காரர் கத்த ஆரம்பித்துவிட்டார். "வந்துட்டாருய்யா! நிறம் துளி மாறினாலும் எடுத்து வெச்சிடுவாரு. இனி குவியல் நகர்ந்த மாதிரிதான்!"

ஜோடிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசிலடித்துக்கொண்டிருந்தார்.