பாஞ்சோ கெளுத்திக்கு மாப்பிள்ளை விருந்து

மெர்லிமாவ் ஊரில் எங்கள் வீட்டு மீன்தொட்டிக்கு நான் ஆசையாய் வாங்கி வந்த பாஞ்சோ கெளுத்தி மீன், காய்ந்த இலை போல மணலில் புதைந்தே கிடந்தது. போட்ட இரையைத் தொடவில்லை. நாளுக்கு நாள் இளைத்தது. செத்துவிடுமோ என்ற பயத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு தொட்டியை விட்டு நகராமல் நின்றேன்.

“ஏங்க, புது மாப்பிள்ளைக்கு விருந்து வெச்சிட்டு வாயையே பார்த்துக்கிட்டு நின்னா, சோறு இறங்குமா? தள்ளிப் போங்க லா!” என்றாள் என் மனைவி.

தொட்டி விளக்கை அணைத்து, புழுக்களைப் போட்டு, தொட்டியைக் கைலியால் மூடினாள். இருவரும் விலகினோம். பொறுக்க முடியாமல் கைலியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். மணல் அசைந்தது. மாப்பிள்ளை மெல்ல எழுந்து வந்து, ஒரு புழுவை லபக்கென்று விழுங்கினார்!

“சாப்பிட்டுட்டாருடி!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஓடி வந்துவிட்டார்கள்.

கண்கொத்திப் பாம்பாய்க் காவல் நிற்பதுதான் அன்பு என்று இருந்தவன் நான். சில உயிர்களுக்கு, நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் உபசாரம்.