என்னை நம்பாதீங்க

“பூஜ்ஜியம், எக்ஸ், ஏழு, டி, நாலு…” என்று மனைவி கைபேசியைப் பார்த்து வாசிக்கிறார். கண்ணாடிக்காரர் ஒரு பழைய சீட்டின் முதுகில் எழுதி வைத்திருக்கும் எழுத்துகளுக்குக் கீழே பென்சிலால் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு வருகிறார். பத்தொன்பதாவது எழுத்தில் பென்சில் நின்றுவிடுகிறது.

“மனப்பாடமாச் சொல்ற. பாத்துச் சொல்லு.”

“பாத்துதாங்க சொல்றேன்.”

“உன் கண்ணு ஜன்னல்ல இருந்துச்சு.”

மறுபடியும் முதலிலிருந்து. மொத்தம் நாற்பத்திரண்டு எழுத்து. அதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு யார் வந்தாலும் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான்.

மனப்பாடத்தின் மேல் அவருக்கு அப்படியொரு பகை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே பலகையின் கடைசி வரியை நெட்டுருப் போட்டுவிடுவார்கள். அதனால் மூன்று பலகைகள் வைத்திருக்கிறார். ஆளைப் பார்த்து மாற்றுவார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவரின் சொந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம் திருகாணி கிடையாது, செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார். புதுக் கண்ணாடியைத் துணியால் ஓரம் விடாமல் துடைத்து, காதில் பொருத்திவிட்டு, எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான் சொல்வார். “நல்லாத் தெரியும்னு நான் சொல்றத நம்பாதீங்க. வெளிய போய் எதிர்க்கடை போர்டைப் படிச்சுட்டு வாங்க.”

கைபேசியில் கிரிப்டோ காயின் என்கிற இணையக் காசை வாங்க, விற்க வரும் முகம் தெரியாதவர்களிடமும் இதே பாட்டுதான். “என்னை நம்பாதீங்க” என்றுதான் பேச்சையே தொடங்குவார். மூன்று வருடங்களுக்கு முன் ஒருவனை நம்பி, காயினை முதலில் அனுப்பிவிட்டு எட்டு மாதச் சேமிப்பைப் பறிகொடுத்தவர். “குடும்பப் படமெல்லாம் அனுப்பினான். ரெண்டு பசங்க, ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டியைப் பாத்துதான் ஏமாந்தேன்” என்பார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவர் சேர்ந்தார், ஆனால் இடுக்கியோடு.

அந்த இடுக்கிக்குப் பெயர் எஸ்க்ரோ. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது. இங்கே நடுவில் நிற்பது மனிதர் அல்ல, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்கிற ஒரு கணினி நிரல். இரு தரப்பும் சம்மதம் என்று அழுத்தியதும் விற்பவர் காயினை அதற்குள் பூட்ட வேண்டும். பூட்டியது இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியும், யாராலும் உருவ முடியாது. அதைப் பார்த்த பிறகே வாங்குபவர் வங்கி வழியாகப் பணம் அனுப்புவார். வந்துவிட்டது என்று விற்பவர் அழுத்தினால் காயின் வாங்கியவருக்குப் போய்விடும். பணம் அனுப்பாமலே நேரம் கடந்தால் விற்பவருக்கே திரும்பிவிடும். வந்த பணத்தை வரவில்லை என்று சாதித்தால் ரசீதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மூன்று நடுவர்கள் உண்டு.

“மாமன் மச்சான்னு பாக்காது. சிரிச்சாலும் இளகாது, அழுதாலும் இளகாது. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்பார். பூட்டும் இடத்தின் முகவரிதான் அந்த நாற்பத்திரண்டு எழுத்து. முதல் நாலும் கடைசி நாலும் ஒத்துப்போகிற போலி முகவரிகளைத் திருடர்கள் செய்து வைத்திருப்பதால், நடு எழுத்துகளைத்தான் அவர் அதிகம் சந்தேகப்படுவார்.

போன வியாழக்கிழமை அவருக்கு அவசரம். கண்ணின் பவரைத் தானாகவே அளக்கும் இயந்திரம் ஒன்று, கடையை மூடப்போகும் ஒருவரிடம் பாதி விலைக்கு இருந்தது. ஆறு மணிக்குள் பணத்தோடு வரவில்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும். பல வருட ஆசை அது. “சின்னக் குழந்தைகிட்ட தெரியுதான்னு கேட்டா என்ன சொல்லும்? அம்மா மூஞ்சியைப் பாத்துத் தலையாட்டும். நானும் அதை நம்பி எழுதிக் குடுக்கறேன்” என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

சேர்த்து வைத்த காயினை வாங்க ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா முன்வந்தார். முதல் தடவை, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கி, ஐந்து முறை “என்னை நம்பாதீங்க” சொல்லி, நேரம் மிச்சமாகட்டுமே என்று வங்கிக் கணக்கு எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். காயினைப் பூட்டும் முன் அவர் அதை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

இரண்டு மணிக்கு முழுப் பணமும் கணக்கில் வந்து விழுந்தது. காயின் இன்னும் பூட்டப்படவே இல்லை. கூடவே ஒரு குரல் செய்தி. “நம்பாதீங்க நம்பாதீங்கன்னு இவ்ளோ சொல்ற மனுஷனை நம்பாம வேற யாரை நம்பறது? அதான் அனுப்பிட்டேன்.”

கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பணம்தான் வந்துடுச்சே. காயினை அந்தம்மாவுக்கு நேரா அனுப்பிட்டுக் கிளம்புங்க. யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார் மனைவி.

“இன்னிக்கு யாருக்கும் இல்ல. அடுத்த தடவையும் இதே மாதிரி முதல்ல அனுப்புவாங்க. அங்க நாய்க்குட்டிக்காரன் உக்காந்திருப்பான். தப்பு என்னோடது, நான்தான் நம்பரைக் குடுத்தேன்.”

பணத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். காரணத்தைச் சொல்லி, கோபித்துக்கொள்ள வேண்டாம், முகவரியைச் சரிபார்த்துவிட்டுச் சம்மதம் அழுத்துங்கள் என்று குரல் செய்தியும் அனுப்பினார். அதன் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூன்று மணி ஆயிற்று. நான்கு மணிக்கு இயந்திரக்காரர் கூப்பிட்டு, “வர்றீங்களா இல்லையா?” என்றார். “வர்றேன்” என்று சொன்ன இவருக்கே அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. நடுவில் ஒருவருக்குக் கண்ணாடி பொருத்தி அனுப்பினார்.

“அவரை போர்டைப் படிக்கச் சொல்லலியே நீங்க” என்றார் மனைவி.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய், மூன்றாவது கடை வாசலில் மடக்கி, படிக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த மனிதர் பயந்தே போயிருப்பார்.

நாலே முக்காலுக்குக் கைபேசி சிணுங்கியது. “அடுப்புல ரொட்டி இருந்துச்சு, அதான் லேட்டு” என்றது ரொட்டிக்கடைக்காரம்மாவின் குரல். “எங்க அக்கா வாசிச்சா, நான் சரி பாத்தேன். பதினொண்ணாவது எழுத்துல தப்பு விட்டா. மறுபடி முதல்லேருந்து வந்தோம். சம்மதம் அழுத்திட்டேன். நீங்க பூட்டுங்க, என் கண்ணால பாக்கறேன். அதுக்கு முன்னாடி ஒத்தைக் காசு வராது, சொல்லிட்டேன்.”

அதை அவர் இரண்டு தடவை கேட்டார். கடை வைத்த இருபது வருடத்தில் யார் திட்டியும் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இயந்திரக்காரரின் கடைக்கு அரை மணி நேரப் பயணம். கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார். கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துக் கைபேசியை ஓரம் விடாமல் துடைத்து மனைவியிடம் கொடுத்தார். பென்சிலைச் சீவினார். பிறகு மனைவி உட்காரப்போன நாற்காலியைப் பிடித்து, ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டார்.