தறி நின்றபோது

1. ஒறம்பரை

“ஏனுங்க மேடம், நீங்க போலீசுங்களா, வக்கீலுங்களா?”

சோமனூரில் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் ருக்மணி கேட்ட முதல் கேள்வி இது. ரெண்டும் இல்லை, ஆதரவு நபர் என்றேன். போக்சோ வழக்குகளில் குழந்தைகள் நலக் குழு இப்படி ஒருவரை நியமிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. வாக்குமூலம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று வழக்கு முடிகிற வரை குழந்தையோடும் குடும்பத்தோடும் கூடவே இருப்பதுதான் வேலை. புதிதாக இதற்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

“கூட இருந்து?” என்றார் ருக்மணி. கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ருக்மணியும் கணவரும் விசைத்தறித் தொழிலாளர்கள். தறிக்குடோனை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தார்கள். மகள் ஏழாம் வகுப்பு. அவள் பெயரை எழுதக் கூடாது என்பது சட்டம். பாப்பா என்றே சொல்கிறேன். வகுப்பு ஆசிரியை அவளிடம் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து, கேட்டு, புகார் கொடுத்திருந்தார். ஆனால் யார் என்று கேட்டால் பாப்பா தலை குனிந்துகொண்டாள். மருத்துவ அறிக்கையில் உறுதியாக ஒன்றும் இல்லை. அவள் வாயால் சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

என் மகளும் அப்போது ஏழாம் வகுப்புதான். சிங்காநல்லூரில் ஸ்கூல் வேன் கொஞ்சம் தாமதித்தாலும் நான் தெருமுனையில் போய் நிற்கத் தொடங்கியது அந்த மாதம்தான்.

குழந்தை விரும்புகிற இடத்தில்தான் போலீஸ் வாக்குமூலம் வாங்க வேண்டும். சீருடை கூடாது. பாப்பா வீட்டையே கேட்டாள். லைன் வீட்டில் சுவருக்குச் சுவர் காது ஆயிற்றே என்று நான் தயங்கினேன். ருக்மணிதான் வழி சொன்னார்.

“தறி ஓடறப்ப வாங்க மேடம். அப்பப் பேசுனா அடுத்த ஊட்டுக்குக் கேக்காது. எங்க லைன்ல புருசன் பொண்டாட்டி சண்டை, அழுவறது எல்லாமே தறி ஓடறப்பத்தானுங்க.”

உண்மைதான். தறிச் சத்தத்துக்குள் பேசிக்கொள்வது அங்கே எல்லாருக்கும் வழக்கம். வாக்குமூலம் வாங்க வேண்டிய எஸ்.ஐ. அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது.

அவர் ஜீப்பைப் பஸ் ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டு, சுடிதாரில், கையில் பூவும் பழமுமாக வந்தார். “இந்த டிரஸ்ல பாத்தா எங்கூட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாதுங்க. அவரு பஸ் கண்டக்டரு, கூப்புட்டு டிக்கெட் குடுத்துருவாரு,” என்று என்னிடம் சிரித்தார். லைன் முகப்பில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், “யாருங்க, ருக்மணி ஊட்டுக்கு ஒறம்பரைங்களா?” என்றாள். ஆமாங்க, சொந்தக்காரங்கதான் என்றேன்.

2. கரண்ட்

அந்த அறையில் தறிச் சத்தம் காதில் விழுவதில்லை, நெஞ்சில் விழுகிறது. எஸ்.ஐ. கேள்வியைக் கத்திக் கேட்டார். பாப்பாவும் கத்திப் பதில் சொன்னாள். தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த குழந்தைகளுக்கு அதுதான் சாதாரணக் குரல். எதிரில் இருந்த எனக்கே பாதி வார்த்தைதான் பிடிபட்டது.

அரைமணி நேரம் பள்ளி, தோழிகள் என்று போனது. அப்புறம் அவளாகவே தொடங்கினாள். அவ்வளவு நாள் மூடியிருந்த வாய். ருக்மணி அவள் முதுகில் கை வைத்திருந்தார். நான்கு வீடு தள்ளி இருக்கிற ஆளின் பெயரைச் சொன்னாள். என்ன செய்தான் என்று சொல்லத் தொடங்கினாள்.

கரண்ட் போனது.

அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நின்றன. பாப்பாவின் குரல் நிற்கவில்லை. ஒரு வாக்கியம். அதைக் கடைசிச் சொல் வரைக்கும் அதே சத்தத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

லைனில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. பாப்பா எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கத்தாத கண்ணு,” என்றார் ருக்மணி. அதையும் கத்தித்தான் சொன்னார்.

வெளியே வந்தபோது துணி காயப்போட்ட பெண் அங்கேயே நின்றிருந்தாள். “ஒறம்பரைன்னு சொன்னீங்களேங்க அம்மணி,” என்றாள்.

எஸ்.ஐ. அன்றே அவனைக் கைது செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாரமே தறிக்கும் லைன் வீட்டுக்கும் சொந்தக்காரரான தறிக்காரர் ருக்மணியைக் கூப்பிட்டார். “பாப்பா நல்லதுக்குத்தானுங்க சொல்றேன். வேற எடம் பாத்துக்குங்க.” அத்தனை மரியாதை. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பிள்ளையை மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் விட்டார்கள். ருக்மணியும் அங்கேயே போய்விட்டார்; கணவர் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கப் போனார்.

3. எல்லாம் இருந்த அறை

பாப்பா அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவே இல்லை. மாஜிஸ்திரேட் முன்னால் பேசவில்லை. கவுன்சலரிடம் பேசவில்லை. வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குகிறாள் என்று புதுப் பள்ளியில் சொன்னார்கள்.

“அன்னிக்குச் சொன்னாளே மேடம். எழுதி வெச்சிருக்காங்களே. அது பத்தாதுங்களா?”

போலீசிடம் சொன்னது மட்டும் சாட்சியம் ஆகாது, கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்று பலமுறை விளக்கினேன். ருக்மணி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார்.

விசாரணை நாளில் சட்டம் சொன்ன எல்லாமே அந்த அறையில் இருந்தன. மூடிய கதவு. குற்றவாளிக் கூண்டு தெரியாதபடி திரை. கோட் போடாத நீதிபதி. மேசையில் சாக்லேட், வரைய வண்ணப் பென்சில். எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். இதை எழுதியவர்கள் குழந்தைகளை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

“உனக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ சொல்லு கண்ணு. மெதுவாச் சொன்னாப் போதும்,” என்றார் நீதிபதி.

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு, “ஒண்ணுமில்லீங்க,” என்றாள். எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் எதுவும் வரவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அவன் விடுதலையானான். லைனில் அவன் வீட்டை வேறு யாருக்கும் விடாமல் அவனுக்காகவே வைத்திருந்தார்கள்.

தீர்ப்பன்று பாப்பா வரவில்லை. ருக்மணியைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். தீர்ப்போடு என் நியமனம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வாரம் ஒருமுறை நானே போன் செய்கிறேன் என்றேன்.

ருக்மணி பையைக் கை மாற்றிக்கொண்டார். “தப்பா நெனைக்காதீங்க மேடம். நீங்க போன் பண்ணுனா, உங்க கொரலக் கேட்டா, அவ அன்னிக்குச் சோறு திங்கறதில்லீங்க. இனி வேண்டாங்க.”

சரிங்க என்றேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். நாம் கூட இருப்பது எந்தக் குழந்தைக்கு ஆறுதல், எந்தக் குழந்தைக்குக் காயம் என்று சட்டத்தின் எந்தப் பிரிவிலும் எழுதியிருக்காது. குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போகச் சொன்னால் போய்விட வேண்டும். நான் போய்விட்டேன். பாப்பா இப்போது பேசுகிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் வழியில்லை.