அருந்தாமல் வைத்த கோப்பை

1895: பாலக்காட்டில் பிறப்பு.
1919: வணிக நிறுவனமொன்றின் பணிக்காக அரபுக் கடற்கரை சென்றார்.
1951: அங்குள்ள சிற்றரசுகளின் எல்லை விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஆனார்.
1952: அப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார்.
1957: வண்டன்மேட்டில் காய்ச்சல் கண்டு, பாலக்காட்டில் இறைவனிடம் மீண்டார்.

என் அண்ணனைப் பற்றிய இச்செய்திகளில் பிழை இல்லை. ஆயினும் ‘விடுவிக்கப்பட்டு’ என்னும் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் ஒரு நாளைச் சொல்லாமல் இந்நினைவு மலரை உங்கள் கையில் தர எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் தந்தையார் இளமையிலேயே மறைந்தார். பள்ளியை விட்டு மளிகைக் கடையில் அமர்ந்தவர் அண்ணன். கல்லூரிக்குச் சென்றவன் நான். மதரஸாவில் கற்ற அரபு மொழியை அவர் துறைமுகத்தில் தீட்டிக்கொண்டார். பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த ஷேக்குகளின் நாடுகள் எங்கே முடிகின்றன என்று எண்ணெய் தேடுவோர் கேட்கத் தொடங்கிய காலம் அது. மணலில் எல்லைக்கல் ஏது? ஆகவே பிரிட்டிஷ் துரை ஒருவர் அண்ணனை அழைத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாகச் சென்று, எந்தக் குலம் எந்த ஷேக்குக்கு ஏழைகளுக்கான ஜகாத் வரியைச் செலுத்துகிறது என்று விசாரித்தார். குலம் யாருடையதோ நிலமும் அவருடையது என்பது கணக்கு.

“யாருக்கு ஜகாத் கொடுக்கறீங்கன்னு ஒரு கிழவன்கிட்ட கேட்டேன். ‘வந்து கேக்கறவனுக்கு. எவனும் வராத வருசம் ஏழைக்கு’ன்னான். இத எந்தக் கோட்டுல போடறது?” என்று, ஊர் திரும்பி மீண்டும் கடையில் அமர்ந்த அண்ணன் சொல்லும்போது கடையே சிரிக்கும்.

அக்கிழவரின் குலத்திடம் ஒரு கிணறு இருந்தது. அது எங்களுடையது என்று கூறி, ஒட்டகங்களுடன் எதிர் மணல்மேட்டில் வந்திறங்கியிருந்தது இன்னொரு குலம். கடுங்கோடை. இரு பக்கமும் துப்பாக்கிகள். மறுநாள் துரை தீர்ப்புச் சொல்லவேண்டும். அன்று வியாழக்கிழமை; அண்ணன் கடமையல்லாத நஃபில் நோன்பு வைத்திருந்தார். இனி அவர் வாய்மொழியிலேயே கேளுங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர், நல்லேப்பிள்ளியிலிருந்து சாமான் வாங்க வரும் வேலுக் கவுண்டர்.

“துரையோட கிழவன் கூடாரத்துல உக்காந்திருக்கேன், காப்பிய நீட்டுனாங்க. வாங்காம இருந்தா மரியாதையில்ல, வாங்கிக் கீழ வெச்சேன். நோன்புன்னு சொல்ல வாயெடுக்கறேன், கூடாரம் கப்சிப்.”

“ஏனுங்க ராவுத்தரே, காப்பி குடிக்காததுக்கா?”

“அங்க அதுதான் மனு, கவுண்டரே! கோப்பையத் தொடாம வெச்சா, எனக்கொரு காரியம் ஆகணும், ஆனாத்தான் குடிப்பேன்னு அர்த்தம். கிழவன் கெண்டியக் கீழ வெச்சிட்டு, ‘உனக்கு என்ன வேணும், சொல்லு’ங்கறான்.”

“துப்பாக்கிய நீட்டுனானுங்களா?”

“அவன் மகன் மடியில இருந்துச்சு. நீட்டுனதக்கூடப் பாத்துக்கலாம். மடியில இருக்கறதுதான் பயம்.”

நோன்பு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துக் கலைந்திருப்பர். அண்ணன் அதைச் சொல்லவில்லை. வெளியே எதிர்க்குலத்தின் ஒட்டகங்கள் தாகத்தில் அலறிக்கொண்டிருந்தன. “கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும், அவர்களுடைய கால்நடையும் இந்தக் கிணற்றில் குடிக்கவேண்டும்” என்று கேட்டுவிட்டார்.

துரை பதறி, “என்ன சொன்னாய்? நான் ஒன்றும் கேட்கவில்லையே!” என்றார். கிழவரோ அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“‘துரை கேட்டதா, நீ கேட்டதா’ன்னான். ‘நான்’னேன். ‘துரை கேட்டிருந்தா இல்லைன்னிருப்பேன். குடி’ன்னான். குடிச்சேன். நோன்பு போச்சு, மறுநாள் வேலையும் போச்சு!”

அன்று மாலையே எதிர்க்குலத்தின் ஒட்டகங்கள் கிணற்றுக்கு வந்தன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. இதை அவர் எத்தனை முறை சொன்னாலும் கவுண்டர் தொடையில் அடித்து எழுந்து நிற்பார். நானும் எழுந்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்தச் சொல் இருக்கலாகாது என்று கூறி, துரை அவரை அடுத்த கப்பலில் அனுப்பினார். புறப்படும் தறுவாயில் கேள்விப்பட்ட செய்திதான் அண்ணனை இறுதிவரை உறங்கவிடவில்லை. தீர்ப்பில் கிணறு எதிர்க்குலத்தின் பக்கம் போய்விட்டது. வாக்குக் கொடுத்த கிழவரின் மந்தைதான் இனிப் பிறர் கிணற்றில் நிற்கவேண்டும். “ஒரு பக்கத்துலதான் வாக்கு வாங்குனேன். அந்தக் கூடாரத்துலயும் ஒரு கோப்பைய வெச்சிருக்கணும்” என்பார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இராது.

மாநிலங்கள் பிரிக்கப்பட்ட ஆண்டில் கடையில் தினமும் வாக்குவாதம். “நாம தமிழு பேசறம். கோட்ட இந்தப் பக்கமா அந்தப் பக்கமா போடறது ராவுத்தரே?” என்று கவுண்டர் கேட்டார். “கோட்ட எங்கயாச்சும் போடட்டும். ஆத்துத் தண்ணி யாராருக்குன்னு ரெண்டு பக்கமும் மொதல்ல பேசி முடிங்க” என்றார் அண்ணன். அதற்குமேல் அரசியல் பேசியதில்லை.

ஏலக்காய் வாங்கப் போன இடத்தில் காய்ச்சலில் கிடந்தவரை வண்டன்மேட்டிலிருந்து மலையிறக்கிக் கொண்டுவந்த ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கும், கட்டணம் வாங்க மறுத்த மருத்துவருக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும், மதினியைத் தனித்திருக்க விடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. அவருடைய மறுமைக்காக துஆச் செய்யுங்கள்.

அண்ணன் முடிக்காமல் விட்டவை:

மதினியின் கண்ணைக் கோயம்புத்தூரில் காட்டுவது.

கவுண்டருக்கும் அவர் பங்காளிக்கும் இடையிலான வாய்க்கால் பேச்சு. இரு வீட்டாரும் வர இசைந்துள்ளனர்.

அரபுக் கடற்கரையிலிருந்து ஊர் வருவோர் எவராயினும், அந்தக் கிழவரின் ஒட்டகங்களுக்கு இப்போது தண்ணீர் கிடைக்கிறதா என்று கேட்பது. இதை நான் கேட்டு வருகிறேன். நீங்களும் கேளுங்கள்.