முதலாளியின் துவக்கு

பதினொரு வருடமாக நான் மனநல மருந்து எடுக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த ஆறாவது வருடம் எனக்கு நித்திரை இல்லாமல் போனது. பிறகு, மேல்மாடியில் குடியிருந்த மனிதர் என் பிள்ளைகளைக் கொல்லப் பார்க்கிறார் என்று நம்பத் தொடங்கினேன். அவர் பாவம், பல்கனியில் தக்காளிச் செடி வளர்த்த ஒரு தபால்காரர். கதவுக்குக் குறுக்கே மேசையை இழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உள்ளே கிடந்தேன். கணவர் கதவுக்கு வெளியே நின்று கதைத்துக் கதைத்தே என்னைத் திறக்க வைத்தார். அப்படியே சீசா என்ற பகுதியில் இருக்கும் மனநல நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன்.

அந்த இரண்டு நாளும் என்னிடம் துவக்கு ஒன்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை யோசித்தாலே போதும்.

குணமாகி வந்தபின் ஒரு நகைக்கடைக்காரரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். மனைவியை இழந்தவர், எழுபதைத் தாண்டியவர். காலையில் மட்டும் கடை திறப்பார். சேர்ந்த கிழமையே அவருடைய கோட்டைத் தூரிகையால் துடைக்கும்போது, வலப்பக்க உட்துணி தேய்ந்து கிழியும் நிலையில் இருப்பதைக் கண்டேன். என்ன என்று கேட்டேன். அவர் கோட்டை வாங்கிப் போட்டு, அதை விலக்கிக் காட்டினார். இடுப்பில் ஒரு சிறிய கைத்துப்பாக்கி.

கள்ளர் இரண்டு தடவை அவருடைய கடைக்குள் வந்து முகத்துக்கு நேரே துவக்கு நீட்டியிருக்கிறார்கள். இரண்டாம் தடவை மனைவியும் பக்கத்தில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு அனுமதி எடுத்து, வருடா வருடம் புதுப்பித்து, சட்டப்படி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். மன்னாரில் எத்தனையோ துவக்குகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். பூட்டி வைக்கிற மனிதரைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை.

நானும் அவரும் இத்தாலியனில்தான் கதைப்போம். ஆனால் நினைக்கும்போது எல்லாம் என் பேச்சாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தொலைக்காட்சியில் செய்தி. வேறொரு நாட்டில், கடைத்தொகுதி ஒன்றுக்குள் ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டிருந்தான்.

“விசரன்,” என்றார் முதலாளி. “இவங்களை எல்லாம் பிடிச்சுப் பூட்டவேணும். அந்தக் கடையிலை என்னைப் போலை ஒருத்தன் நிண்டிருந்தா இத்தினை பேர் செத்திருக்க மாட்டினம்.”

“அப்ப என்னையும் பூட்டவேணும், சிஞ்ஞோர்,” என்றேன்.

முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். மேசை இழுத்துப் போட்ட கதையை முழுவதும் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது.

“நீ வேறை,” என்றார் கடைசியில்.

“நான் வேறை இல்லை. வியாழக்கிழமை நிலையத்துக் கதிரையளிலை இருக்கிற எல்லாரும் என்னைப் போலைதான். சமைக்கிறம், பஸ் பிடிக்கிறம், வேலைக்குப் போறம்.”

“அப்ப சுட்டவன்?”

“அவனுக்கு என்ன வருத்தம் எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன்ரை கையிலை துவக்கு இருந்தது. அது மட்டும்தான் தெரியும்.”

அவர் செய்தியை அணைத்துவிட்டு எழும்பிப் போனார். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் வழக்கம்போலக் கோப்பி கேட்டார்.

சில வாரங்கள் கழித்து, அவருடைய பிரஷர் மருந்து வாங்க இருவரும் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனோம். அவர் நகைக்கடையிலிருந்து நேரே வந்ததால் துவக்கு இடுப்பில் இருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர். அப்போது ஒருவன் கதவை அடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். நாற்பது வயது இருக்கும். வலது கை ஒரு துணிப்பைக்குள் முழங்கை வரை இருந்தது.

“உங்களை எல்லாம் முடிச்சுப்போடுவன்!” என்று கத்தினான்.

ஆட்கள் சுவரோடு ஒட்டினார்கள். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தட்டுகளுக்குப் பின்னால் குந்தினாள். பக்கத்தில் முதலாளியின் கை கோட்டுக்குள் போவதைக் கண்டேன்.

வந்தவனை எனக்குத் தெரியும். நிலையத்தில் யன்னலோரக் கதிரையில் இருப்பவன். மழை வருமா என்று என்னிடம் கேட்பான், வேறு எதுவும் கதைக்கமாட்டான். இப்போது அவனுடைய முகத்தில் இருந்த பயமும் எனக்குத் தெரிந்ததுதான்.

முதலாளியின் மணிக்கட்டைக் கோட்டுக்கு மேலாலேயே இறுக்கிப் பிடித்தேன். “எடுக்கவேண்டாம். எனக்கு இவனைத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“இஞ்சை என்னைப் பார்,” என்றேன் அவனிடம். “வியாழக்கிழமை உனக்குப் பக்கத்திலை இருக்கிறனான். ஆர் உனக்கு என்ன செய்தது?”

அவன் என்னை அடையாளம் காணச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு குரல் உடைந்தது. “மருந்து தரமாட்டினமாம். டொக்டர் எழுதித் தந்த துண்டு பழசாம். மூண்டு நாளா அலையிறன்.”

பையைக் கவிழ்த்தான். வெறும் மருந்துப் பெட்டிகள் கொட்டின. எல்லாம் முடிந்துபோன பெட்டிகள்.

அவனைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். மருந்துக்கடைப் பெண் நிலையத்துக்குப் போன் எடுத்தாள். அரைமணி நேரத்தில் புதிய துண்டு வந்தது. அவன் மருந்தை வாங்கிக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த முதலாளி கோட்டைக் கழற்றாமலே கதிரையில் சாய்ந்தார்.

“துவக்கின்ரை பூட்டைத் தள்ளிவிட்டிட்டன்,” என்றார். “நீ கையைப் பிடிக்காட்டிச் சுட்டிருப்பன். வெறும் பெட்டி வைச்சிருந்த மனுசனை.”

“சுடேல்லை,” என்றேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் நான் பிழை விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடை திறக்கவில்லை. சவரம் செய்யவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்தபடி திரும்பி வந்தது. மனைவியின் தையல் மெஷினை என்னைக் கொண்டுபோகச் சொன்னார். தன் கைக்கடிகாரத்தைக் கட்டடக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் படுக்கை விரிப்பு மாற்றப் போனபோது, துவக்கு தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் கட்டில் விளிம்பில் இருந்தார்.

நான் நோயாளியாகப் போன முதல்நாள் மருத்துவர் என்னிடம் சுற்றிவளைக்காமல் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தள்ளிவிடவில்லை. யாரோ கையைப் பிடித்ததுபோல இருந்தது. அதனால் எனக்குத் தயக்கம் வரவில்லை. முதலாளிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அந்த அறையில் நான் கதிரையில் இருந்தது அதுவே முதல்தடவை.

“சிஞ்ஞோர், செத்துப்போக யோசிக்கிறியளோ?”

 கீழே பஸ் ஒன்று போனது.

“ஓம்,” என்றார்.

“எத்தினை நாளா?”

“மனிசி போனதிலையிருந்து இடைக்கிடை. அந்த மருந்துக்கடையிலை நடந்ததிலையிருந்து ஒவ்வொரு நாளும்.”

“இது இந்த வீட்டிலை இருக்கேக்கை நான் வீட்டை போகமாட்டன்.”

அவருக்கு முகம் சிவந்தது. “நீ வேலைக்காரி. உனக்கு இதிலை என்ன?”

“ஓம், வேலைக்காரிதான். இண்டைக்கு என்ரை வேலை இது. எழும்புங்கோ, குசினிக்குப் போவம்.”

அவர் எழும்பினார். ஏன் எழும்பினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அறையைப் பூட்டித் திறப்பை என் சட்டைப் பையில் போட்டேன். அவரைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டே, ஒரேத்தோ தெருவில் இருக்கும் அவருடைய மகளுக்குப் போன் எடுத்தேன். பிறகு கணவருக்கு. அவர் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பொலிசை நீ கூப்பிடாதை,” என்றார். “நாங்கள் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. வந்தா ஆயிரம் கேள்வி கேப்பினம்.”

“கேக்கட்டும். என்னட்டைப் பதில் இருக்கு.”

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை நிறுத்தும் சத்தம் கேட்டது. “சரி,” என்றார். “வேலை முடிய அங்கை வாறன்.”

மகள் கோபத்தோடுதான் வந்தாள். அப்பாவைப் பற்றி இப்படிச் சொல்ல நீ யார் என்று படிக்கட்டிலேயே கேட்டாள். குசினிக்குள் வந்து, இரண்டு கிழமைத் தாடியோடு இருந்த தகப்பனைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டாள். பொலிசுக்கு அவளே அழைத்தாள்.

சீருடை இல்லாத இரண்டு அதிகாரிகள் வந்து துவக்கையும் தோட்டாக்களையும் எடுத்தார்கள். அனுமதி அட்டையையும் கேட்டார்கள். முதலாளி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.  மூத்த அதிகாரி என் பெர்மெஸ்ஸோவையும் கேட்டார். புதுப்பிக்கக் கொடுத்த ரசீதைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“சாக யோசிக்கிறியளோ எண்டு அவரைக் கேக்க உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?” என்றார் அந்த அதிகாரி.

“என்னட்டையும் ஒருக்காக் கேட்டவை,” என்றேன்.

பதினாறு நாள் முதலாளி என்னோடு கதைக்கவில்லை. கோப்பி வேண்டுமென்றால் கோப்பையைத் தட்டுவார். மகள் அங்கேயே தங்கி, அவரை ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனாள். நான் போகிற நிலையத்துக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால் வேறொருவர். பதினேழாம் நாள், “பாஸ்தாவுக்கு உப்புக் காணாது,” என்றார். நான் உப்பு எடுக்கக் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கடையை விற்றுவிட்டார். கடைக்காரன் துவக்கு வைத்திருப்பது நல்லது என்று இன்றைக்கும் வாதாடுகிறார், நானும் விடாமல் மறுத்துக் கதைக்கிறேன். போன ஞாயிறு எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பிறகு நடந்த விருந்துக்குக் கூட்டிப்போனேன். மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ் ஐந்து சாப்பிட்டார். உறைப்பில் கண்ணீர் வடிய வடிய, ஆறாவதற்குக் கையை நீட்டினார்.